யார் எங்கே உறங்குகிறார் என்னும் அறிவு

பேரிடர் ஆய்வு என்னும் துறை நெடுங்காலமாக அணைகளின் உயரம், கட்டடங்களின் உறுதி, எச்சரிக்கைக் கருவிகளின் நுட்பம், மீட்புப் படைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையே பாதுகாப்பின் அளவுகோல்களாகக் கொண்டிருந்தது. இவை ஒவ்வொன்றும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1995க்குப் பின் வெளிவந்த ஆய்வுகள், குறிப்பாக ஜப்பானில் நடந்தவை, ஒரு தெருவில் வாழ்வோர் ஒருவரைப் பற்றி ஒருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதையும் இந்த வரிசையில் சேர்த்தாக வேண்டும் என்பதை எண்களோடு எடுத்துக்காட்டியுள்ளன. இடிந்து கிடக்கும் எந்த வீட்டின் எந்த மூலையில் உயிரோடு ஒருவர் சிக்கியிருக்கிறார் என்ற செய்தியைவிட மதிப்புமிக்கது, பேரிடரின் முதல் சில மணி நேரத்தில் வேறொன்றும் இல்லை. அந்தச் செய்தியோ பெரும்பாலும் அண்டை வீட்டாரிடம் மட்டுமே இருக்கிறது.

1995 ஜனவரி 17 அன்று அதிகாலை 5.46 மணிக்கு அவாஜி தீவின் வடமுனையை மையமாகக் கொண்டு எழுந்த நிலநடுக்கம், ஜப்பானிய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 7.3 அளவுடையது. ஏறத்தாழ 20 விநாடி நீடித்த அந்த அதிர்வில் கோபே நகரமும் அதைச் சுற்றிய பகுதிகளும் சிதைந்து, 6,434 பேர் உயிரிழந்தனர். சுமார் 15 லட்சம் மக்கள் வாழ்ந்த கோபேயில் அந்த நேரத்தில் பணியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் 300 பேருக்கும் குறைவு. காலை 6 மணிக்குள் 50க்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பற்றியிருந்தது. தரையடிக் குழாய்கள் உடைந்துபோனதால் தெருக்களில் இருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. சாலைகள் இடிபாடுகளாலும் வாகனங்களாலும் அடைபட்டிருந்தன. திறமைக் குறைவு எதுவும் இல்லாத ஒரு துறை, எண்ணிக்கையின் எளிய கணக்கால் மட்டுமே தோற்றுப்போன நேரம் அது. உலகின் எந்த நகரமும், எவ்வளவு செல்வம் படைத்ததாக இருந்தாலும், ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விழும் நாளுக்கென்று மீட்புப் படையை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது.

அப்படியானால் உள்ளே சிக்கியவர்களை யார் வெளியே எடுத்தார்கள்? பேரிடர் ஆய்வாளர் யோஷியாகி கவாதாவின் மதிப்பீட்டின்படி, பிறர் உதவியின்றி வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டோர் சுமார் 35,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 27,000 பேரைக் குடும்பத்தாரும் அண்டை அயலாரும் மீட்டனர். காவல், தீயணைப்பு, தற்காப்புப் படை மூன்றும் சேர்ந்து மீட்டோர் சுமார் 8,000 பேர். அயலார் மீட்டவர்களுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். படைகள் மீட்டவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேரே பிழைத்தனர்.

இந்த எண்களைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. எளிதில் எட்டக்கூடியவர்களையும் குரல் கொடுக்க முடிந்தவர்களையும் அயலார் முதலில் எடுத்துவிட, கனமான உத்தரங்களுக்கும் கான்கிரீட் பலகைகளுக்கும் அடியில் இருந்தவர்களே பிறகு வந்த படைகளுக்கு எஞ்சினார்கள். எனவே இரு விகிதங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை இரு குழுக்களின் திறமை வேறுபாடாகக் கொள்வது பிழை. அது முதன்மையாகக் கால வேறுபாடு. மற்றொரு உண்மையையும் மறைக்கக் கூடாது: இறந்தோரில் பெரும்பாலானவர்கள் வீடு விழுந்த முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே நெஞ்சு அழுத்தப்பட்டு மூச்சுத் திணறி இறந்ததாக உடற்கூற்று ஆய்வுகள் காட்டின. அவர்களை எந்த அயலாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. கனத்த ஓட்டுக்கூரையைத் தாங்கிய பழைய மரவீடுகளை முன்கூட்டியே வலுப்படுத்தியிருந்தால் மட்டுமே காப்பாற்றியிருக்கலாம். அயலார் உதவி என்பது உறுதியான கட்டடத்துக்கு மாற்று என்று எவரேனும் சொன்னால், கோபேயின் இறப்புச் சான்றிதழ்களே அதற்கு மறுப்பு.

கால வேறுபாடு ஏன் இவ்வளவு கொடியது என்பதை உடலியல் விளக்குகிறது. கோபேயில் முதல் நாளில் வெளியே எடுக்கப்பட்டவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் உயிரோடிருந்தனர். இரண்டாம் நாளில் அது நான்கில் ஒரு பங்காகவும், மூன்றாம் நாளில் சுமார் 15 விழுக்காடாகவும், நான்காம் நாளில் 5 விழுக்காட்டளவிலும் சரிந்தது. குளிரும் நீரிழப்பும் இதற்குக் காரணங்கள்; ஆனால் இவற்றைவிட வஞ்சகமான ஒன்று நசுங்கல் நோய்த்தொகுப்பு எனப்படுவது. 1941இல் இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களைக் கவனித்த எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் இதைத் தெளிவாக விவரித்தனர். தொடை போன்ற பெரிய தசை பல மணி நேரம் அழுந்திக் கிடக்கும்போது அதன் செல்கள் சிதைந்து, உள்ளிருந்த பொட்டாசியமும் மயோகுளோபின் என்னும் தசைப்புரதமும் அங்கேயே தேங்குகின்றன. மேலிருக்கும் சுமையை அகற்றியதும் இரத்தம் மீண்டும் பாய்ந்து அவற்றை உடல் முழுவதும் கொண்டுசெல்ல, பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது, புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. சற்று முன்வரை பேசிக்கொண்டிருந்தவர், காப்பாற்றப்பட்ட அந்த நேரத்திலேயே இறந்துபோவதன் காரணம் இதுதான். கோபேயில் இந்நோய்த்தொகுப்புக்கு ஆளான 372 பேருள் 50 பேர் இறந்தனர். அழுந்திக் கிடந்த நேரம் குறையக் குறைய இந்த ஆபத்தும் குறைகிறது. நீண்ட நேரம் கிடந்தவரை விடுவிக்கும் முன்பே உடலில் நீர்மம் ஏற்றத் தொடங்க வேண்டும் என்பதால், அவர் எத்தனை மணி முதல் சிக்கியிருந்தார் என்று மருத்துவரிடம் சொல்லவும் அருகிலிருந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில், அவாஜி தீவில் இருந்த ஹொகுதான் என்ற சிற்றூரில் நடந்ததைப் பேரிடர் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இந்தக் காரணத்தால்தான். நிலநடுக்கத்தை உண்டாக்கிய நோஜிமா நிலப்பிளவு நிலத்தைக் கிழித்து மேலே வந்தது அவ்வூரின் எல்லைக்குள்ளேதான். வீடுகளும் பெருமளவில் விழுந்தன. 39 பேர் இறந்தனர். ஆயினும் உள்ளே சிக்கிய சுமார் 300 பேரையும் ஊர்மக்களும் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் அன்று மாலைக்குள்ளாகவே வெளியே எடுத்து, காணாமற்போனவர் எவரும் இல்லை என்பதையும் உறுதிசெய்துவிட்டனர். வெளியூர்ப் படைகள் வந்து நகரங்களில் தேடலைத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில் ஹொகுதானில் தேடலே முடிந்திருந்தது. அங்கு மோப்ப நாய்களோ ஒலியுணர் கருவிகளோ இருக்கவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், பாட்டி உறங்குவது தோட்டப்பக்க அறையிலா முன்னறையிலா, மகன் இரவுப்பணிக்குப் போயிருக்கிறானா என்பவை அயலாருக்குத் தெரிந்திருந்தன. ஆகவே கூரையின் எந்த இடத்தில் ஓட்டை உடைத்து இறங்க வேண்டும் என்று முடிவெடுக்க நேரம் ஆகவில்லை. ஆள் இல்லாத வீட்டில் தேடி இழக்கும் ஒரு மணி நேரம், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து பறிக்கப்பட்ட ஒரு மணி நேரம் என்பதால், யார் வீட்டில் இல்லை என்ற அறிவும் அதே அளவுக்கு உயிர் காத்தது.

ஹொகுதான் பழைய நாட்டுப்புறம், அங்கே இயல்பாகவே இத்தகைய நெருக்கம் இருந்தது என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் 2014 நவம்பர் 22 அன்று இரவு 10.08 மணிக்கு நகானோ மாநிலத்தின் ஹகுபா மலைக்கிராமத்தைத் தாக்கிய 6.7 அளவு நிலநடுக்கம், இந்நெருக்கத்தை எழுதிவைக்கவும் முடியும் என்று காட்டியது. அக்கிராமத்தின் ஹொரினோஉச்சி குடியிருப்பில் வீடுகள் கொத்துக் கொத்தாக விழுந்து 20க்கும் மேற்பட்டோர் சிக்கினர்; கார்களில் இருந்த ஜாக்கிகளைக் கொண்டு உத்தரங்களைத் தூக்கியும், மரமறுக்கும் இயந்திர ரம்பங்களால் விட்டங்களை அறுத்தும் அண்டை வீட்டார் அந்த இரவிலேயே அனைவரையும் எடுத்தனர்; ஓர் உயிரும் போகவில்லை. அங்கு, உதவி தேவைப்படும் முதியோரும் நோயாளரும் எந்த வீட்டில் இருக்கின்றனர், அவர்களுக்கு யார் போய்க் கைகொடுப்பது என்பதைக் குடியிருப்பு வாரியாகக் குறித்துவைக்கும் பரஸ்பர உதவி வரைபடம் ஒன்று முன்பே தயாராகியிருந்தது. பொதுவழக்கில் அந்நிகழ்வு 'ஹகுபாவின் அற்புதம்' என்று அழைக்கப்படுகிறது. அங்கே அற்புதம் ஏதும் நிகழவில்லை என்பதுதான் அதன் சிறப்பு. காகிதத்தில் வரைந்து, பெயர்களை எழுதி, ஆண்டுதோறும் திருத்திவைத்த உழைப்பின் விளைவு அது.

இத்தகைய உழைப்புக்கு ஜப்பான் ஒரு சட்ட வடிவம் கொடுத்திருக்கிறது. 1959இல் இசே வளைகுடாப் புயல் 5,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைத் தொடர்ந்து 1961இல் இயற்றப்பட்ட பேரிடர் எதிர்நடவடிக்கை அடிப்படைச் சட்டம், குடியிருப்போர் தாமே முன்வந்து அமைக்கும் பேரிடர்த் தடுப்புக் குழுக்களுக்கு இடம் வகுத்தது. இன்று நாட்டின் வீடுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏதோ ஒரு குழுவின் எல்லைக்குள் வருகின்றன. பெரும்பாலான குழுக்கள் ஏற்கெனவே இருக்கும் குடியிருப்போர் சங்கத்தின் கிளைகளே. பூங்காவின் ஓரத்தில் ஒரு சிறு பொருள்கிடங்கு, அதில் கடப்பாரை, ஜாக்கி, ரம்பம், கைப்பம்பு, தூக்குக் கட்டில், பெரிய சமையற்பாத்திரம்; வாளி கைமாற்றும் பயிற்சி; வீட்டில் அனைவரும் நலம் என்பதற்கு அடையாளமாக வாசலில் மஞ்சள் துணி தொங்கவிடும் வழக்கம் என இவற்றின் வேலைகள் எளியவை. அந்த மஞ்சள் துணி சிறிய ஏற்பாடாகத் தோன்றினாலும் அதனுள் ஒரு நுட்பம் உண்டு: துணி தொங்கும் வீடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பதால், நூறு வீடுகள் உள்ள தெருவில் தேட வேண்டிய வீடுகள் சில நிமிடங்களில் ஐந்தாகவோ ஆறாகவோ சுருங்கிவிடுகின்றன.

குழு இருப்பது வேறு, குழு செயல்படுவது வேறு. கோபேயின் நகாதா வட்டாரத்தில் தீ பல தெருக்களைத் தின்றுகொண்டிருந்தபோது, அதே வட்டாரத்தின் மானோ பகுதியில் மக்கள் வாளிகளைக் கைமாற்றியும், அருகிலிருந்த தொழிற்சாலையின் சொந்தத் தீயணைப்புக் குழுவோடு சேர்ந்தும் தீ பரவாமல் நிறுத்தினர். மானோவில் அப்படியொரு ஒழுங்கு அன்று காலையில் திடீரென்று பிறந்துவிடவில்லை. 1960களில் தொழிற்சாலைப் புகைக்கு எதிராக ஒன்றுகூடிய அம்மக்கள், பின்னர் மரம் நடுதல், முதியோருக்கு உணவு கொடுத்தல், தெருக்களை அகலப்படுத்துதல் என்று முப்பது ஆண்டுகள் ஓயாமல் கூடிப் பேசிப் பழகியிருந்தனர். இதிலிருந்து பாடம் கற்ற கோபே மாநகராட்சி, அதே 1995இல் தொடங்கிய புதிய குடியிருப்புக் குழுக்களுக்குப் பேரிடர்த் தடுப்பையும் நலப்பணியையும் ஒரே கையில் கொடுத்தது. தொடக்கப்பள்ளி வட்டாரத்தை எல்லையாகக் கொண்ட இக்குழுக்கள், தனித்து வாழும் முதியோருக்கு மதிய உணவு கொடுப்பதையும் கைப்பம்பை இயக்கிப் பார்ப்பதையும் ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கொள்கின்றன. பேரிடர் பயிற்சிக்கென்று மட்டும் அழைத்தால் வராதவர்கள் விருந்துக்கும் திருவிழாவுக்கும் வருவார்கள் என்ற நடைமுறை அறிவு இதில் இருக்கிறது. அதைவிட ஆழமாக, யார் எந்த அறையில் உறங்குகிறார் என்பது உணவு கொண்டுபோய்க் கொடுப்பவருக்குத்தான் தெரியும் என்பதும் இருக்கிறது.

கட்டடம் எதுவும் விழாத பேரிடரிலும் இதே விதி செயல்படுகிறது. 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தனர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க், வறுமையிலும் தனித்து வாழும் முதியோர் விகிதத்திலும் ஏறத்தாழ ஒத்திருந்த இரு அடுத்தடுத்த பகுதிகளை ஒப்பிட்டார்: வடக்கு லான்டேலில் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 40, தெற்கு லான்டேலில் 4க்கும் குறைவு. முன்னதில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, அஞ்சிக் கதவைத் தாழிட்டு இருந்த முதியோர் உள்ளேயே வெந்து இறந்தனர். பின்னதில் நெரிசலான கடைத்தெரு அவர்களை வெளியே இழுத்தது, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் இருந்தது.

ஆனால் அயலாருக்காக நிற்பது எப்போதும் சரியான செயல் என்று அறிவியல் சொல்லவில்லை. நிலநடுக்கத்தின்போது அருகில் ஓடிச் சென்று தோண்டுவது உயிர் காக்கும். கடற்கரையில் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை வருமானால் அதே செயல் உயிரைப் பறிக்கும். ஜப்பானின் வடகிழக்கு சன்ரிக்குக் கரையில், ஒருவரையொருவர் தேடிக்கொண்டு நிற்காமல் அவரவர் தத்தம் வழியே மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற பழைய நெறி ஒன்று 'தெந்தென்கோ' என்ற பெயரால் வழங்குகிறது. கேட்பதற்கு இரக்கமற்றதாகத் தோன்றும் இந்நெறி, உண்மையில் முன்பே செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தத்தின் மீது நிற்கிறது: மகள் பள்ளியிலிருந்து மேட்டுக்கு ஓடியிருப்பாள் என்று தாய் நம்புவதால்தான் தாயால் பள்ளியை நோக்கி ஓடாமல் இருக்க முடிகிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது, தடுப்புக் கதவுகளை மூடவும் முதியோரை அழைத்துச் செல்லவும் கரையில் நின்ற தன்னார்வத் தீயணைப்புப் படையினருள் 254 பேர் இறந்தோ காணாமலோ போயினர். முதியோர் நலம் பேணும் பகுதி நல ஆணையர்களுள் 56 பேர் இறந்தனர். கடமை உணர்ந்தவர்களையே அதிகம் கொல்லும் ஏற்பாட்டை எவரும் நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அலை வருவதற்குக் கணக்கிடப்பட்ட நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே, எந்த வேலை அரைகுறையாக இருந்தாலும் விட்டு விலக வேண்டும் என்ற விதியை அதன்பின் பல ஊர்கள் எழுதிக்கொண்டன. அதே பேரலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் இறப்பு விகிதங்களை ஒப்பிட்ட டேனியல் ஆல்ட்ரிச், யசுயுகி சவாதா ஆகிய இருவரும், அலையின் உயரத்தோடு, மக்களிடையே நிலவிய பரஸ்பர நம்பிக்கையும் இறப்பைத் தீர்மானித்ததாகக் கண்டனர். அத்தகைய நம்பிக்கை மிகுந்த ஊர்களில் குறைவானவர்களே மாண்டனர்.

இன்னும் கசப்பான ஓர் எல்லையும் உண்டு. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்த கான்டோ நிலநடுக்கத்துக்குப் பின், கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவ, காவல்துறையும் அதைப் பரப்பத் துணைபோக, தெருத்தெருவாக ஆயுதம் ஏந்தி நின்ற காவல் குழுக்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களையும் அவர்களோடு சீனர்களையும் கொன்றன. அக்குழுக்களில் இருந்தவர்கள் அண்டை அயலாரே. அவர்கள் ஒன்றுகூடியதும் தம் தெருவைக் காப்பதற்கே. தமக்குள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் அளந்தால், அந்தப் பிணைப்பு யாரை வெளியே தள்ளுகிறது என்பது அளவைக்குள் வராது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தை ஆராய்ந்த ஆல்ட்ரிச், வேறு அளவில் இதே உண்மையைக் கண்டார். வலுவான ஊர்ப் பஞ்சாயத்தும் அரசோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொடர்பும் கொண்டிருந்த மீனவக் கிராமங்கள் நிவாரணத்தை விரைவாகவும் மிகுதியாகவும் பெற்றன. அதே பஞ்சாயத்து எழுதிக் கொடுத்த பட்டியலில் தலித்துகளும், ஆண் துணையற்ற பெண்களும், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் பெரும்பாலும் இடம்பெறவில்லை. சமூகவியல் இதைப் பிணைக்கும் உறவு என்றும் பாலமாகும் உறவு என்றும் பிரித்துக் காண்கிறது: முன்னது ஒத்தவரை ஒத்தவரோடு இறுக்குகிறது, பின்னது சாதி, மொழி, நாடு என்ற கோடுகளைக் கடந்து போகிறது. 1995இல் கோபேயின் நகாதாவில் கொரியர்களும் வியட்நாமியரும் ஜப்பானியரும் சேர்ந்து, இடிந்த நகரத்தின் நடுவே அவரவர் மொழியில் செய்தி சொல்லும் சிறு வானொலி நிலையங்களைத் தொடங்கினர். அவை பின்னர் ஒன்றிணைந்து பன்மொழி வானொலியாயின. 72 ஆண்டுகளுக்கு முன் வதந்தி நிரம்பிய இடத்தில் இம்முறை சரியான செய்தி நிரம்பியது.

ஆகவே பட்டியலை யார் எழுதுகிறார், அதில் யார் இருக்கிறார் என்பதே இப்போதைய ஜப்பானியச் சட்டத்தின் கவலையாக இருக்கிறது. 2011 ஆழிப்பேரலையில் இறந்தோருள் மூன்றில் இரு பங்கினர் 60 வயதைக் கடந்தவர்கள்; மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் பொது விகிதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 2013இல் திருத்தப்பட்ட சட்டம், தாமாக வெளியேற இயலாதவர்களின் பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் தயாரிப்பதைக் கட்டாயமாக்கியது. ஒருவருடைய நோயும் தனிமையும் அயலாருக்குத் தெரிய வேண்டுமா என்ற கேள்வி எளிதானதல்ல. அவர் இசைந்தால் மட்டும் பட்டியலை முன்கூட்டிக் குழுவிடம் கொடுக்கலாம், பேரிடர் நேர்ந்தால் இசைவின்றியும் கொடுக்கலாம் என்று சட்டம் ஒரு நடுவழியை வகுத்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் எழுத முயல வேண்டும் என்கிறது. முதியவர், அவருடைய பராமரிப்பு ஆலோசகர், அண்டை வீட்டார் ஆகியோர் உட்கார்ந்து, எந்த வழியாகப் போவது, சக்கர நாற்காலி படியில் இறங்குமா, மூச்சுக்கருவிக்கு மின்சாரம் எங்கே கிடைக்கும், எந்த மாத்திரையைப் பையில் வைப்பது என்று ஒவ்வொன்றாக நிரப்புகிறார்கள். அந்தப் படிவத்தில் நிரப்புவதற்குக் கடினமான கட்டம், வந்து கைகொடுப்பவர் யார் என்பது. பல கிராமங்களில் அங்கே எழுதப்படும் பெயருக்கு உரியவரே எழுபதைக் கடந்தவராக இருப்பதால், ஒருவருக்குப் பதிலாக மூன்று நான்கு பேரின் பெயர்களை எழுதவும், ஊரில் புதிதாகக் குடியேறிய இளம் குடும்பங்களையும் அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் அந்தக் கட்டத்துக்குள் கொண்டுவரவும் குழுக்கள் இப்போது முயன்று வருகின்றன.